மாமா மந்திரி: பாலியெம் பள்ளத்தாக்குப் பயணச் சேவை பற்றிய மதிப்பீடு

இந்தோனேசியாவின் பாப்புவா மலைநாட்டில் உள்ள பாலியெம் பள்ளத்தாக்குக்குப் பத்து நாள் பயணம் அழைத்துச் செல்வதாகப் பினாங்கில் விளம்பரம் செய்யும் ஒரு பயண முகவரின் சேவையில், சென்ற ஜூலை மாதம் நானும் என் தங்கையும் போய் வந்தோம். ஆறு பேர் கொண்ட குழு. தலைக்கு 9,400 ரிங்கிட், விமானக் கட்டணமும் அதில் அடக்கம். பணம் கட்டுவதற்கு முன் தமிழில் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடியபோது எனக்கு ஒன்றும் அகப்படவில்லை என்பதால், அடுத்துப் போக நினைப்பவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகவர் செய்த வேலைக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அங்குள்ள வாமெனா நகரில் எங்களைப் பொறுப்பேற்றுக்கொண்ட உள்ளூர் வழிகாட்டிக்கு ஐந்தும் போதாது.

நான் அரசு மருத்துவமனையில் 34 ஆண்டுகள் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் அப்பா நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் டிரெஸராக, அதாவது தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுப்பவராக இருந்தவர். ஆகவே, மற்றவர்கள் மலையையும் அருவியையும் பார்த்து நிற்கும் இடத்தில் என் கண் மருந்தகம் எங்கே என்று தேடும். இந்த மதிப்பீட்டில் அந்தச் சாய்வு இருக்கிறது. வாசிப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

முகவர் தரும் வண்ண ஏட்டில் ‘கற்கால மக்களோடு மூன்று இரவுகள்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு அடியில் ‘ஷங்ரி-லா பள்ளத்தாக்கு’ என்று இன்னொரு வரி. இரண்டாவது பெயருக்காவது ஒரு கதை உண்டு. 1945 மே 13ஆம் தேதி, இந்தப் பள்ளத்தாக்கை மேலிருந்து சுற்றிப் பார்க்கக் கிளம்பிய அமெரிக்க இராணுவ விமானம் ஒன்று மலையில் மோதியதில், அதிலிருந்த 24 பேரில் மூவர் மட்டுமே பிழைத்தனர். விமானம் இறங்கத் தளம் இல்லாததால், இயந்திரமில்லாத கிளைடர் ஒன்றைத் தரையிறக்கி, மேலே பறந்த வேறொரு விமானம் அதைக் கொக்கியில் மாட்டி இழுத்துத்தான் அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு நாவலில் வரும் கற்பனைப் பள்ளத்தாக்கின் பெயரை எடுத்து அந்த நாளைய செய்தித்தாள்கள் பரப்பிய பெயர் அது. ‘கற்காலம்’ என்ற சொல்லுக்கு அப்படி எந்தச் சமாதானமும் கிடையாது. 1938இல் ரிச்சர்ட் ஆர்ச்போல்டு என்ற அமெரிக்கர் தம் விமானத்திலிருந்து இப்பள்ளத்தாக்கை முதன்முதலாகக் கண்டபோது, கீழே தெரிந்தவை வாய்க்கால் வெட்டிப் பாத்தி கட்டி வேலியடைத்த சர்க்கரைவள்ளித் தோட்டங்கள். அப்போது அவர்கள் கையில் இருந்தது கல் கோடரிதான் என்பது உண்மை. அந்தக் கோடரியை வைத்துக்கொண்டு இவ்வளவு நிலத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்பதை அல்லவா ஏட்டில் போட்டிருக்க வேண்டும்?

ஏட்டின் இன்னொரு வரி என்னைத் தொழில்முறையில் கோபப்படுத்தியது: ‘மலைப்பகுதி என்பதால் மலேரியா பயம் இல்லை.’ வாமெனா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், நம் பினாங்குக் கொடிமலையைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் இருப்பதால் அங்கே கொசுவின் தொல்லை குறைவுதான். ஆனால் அங்கே போகும் வழியில் கடலோரத்தை ஒட்டிய செந்தானியில் ஒரு இரவு தங்க வைக்கிறார்கள். இந்தோனேசியா முழுவதும் பதிவாகும் மலேரியா நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பாப்புவாவைச் சேர்ந்தவர்கள். தடுப்பு மாத்திரையை நானும் தங்கையும் புறப்படும் முன்பே வாங்கித் தொடங்கியிருந்தோம். மற்ற நால்வருக்கு அப்படி ஒன்று உண்டென்றே தெரியவில்லை. கிள்ளானிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் அன்று மாலை அரைக்கால் சட்டையோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கையிலிருந்த கொசு மருந்தை அவர்கள் காலில் நானே பூசிவிட்டேன்.

அனுமதிக் கடிதத்திலும் இதே அலட்சியம். வெளிநாட்டவர் பாப்புவாவின் உட்பகுதிகளுக்குப் போகக் காவல் துறையிடம் ‘சூராட் ஜாலான்’ எனப்படும் கடிதம் வாங்க வேண்டும். அதற்குக் கடவுச்சீட்டு அளவுப் படங்கள் தேவை. இதை முகவர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. படம் எடுக்கும் கடையைத் தேடி அலைந்ததில் அரை நாள் போயிற்று. காவல் நிலையத்தில் இருந்தவர்கள் பொறுமையாகத்தான் நடந்துகொண்டார்கள். குறை அவர்களுடையது அல்ல.

செந்தானியிலிருந்து வாமெனாவுக்கு விமானம் ஒரு மணி நேரம்கூடப் பறப்பதில்லை. சன்னல் வழியே பார்த்தால் காடும் மேகமும் தவிர வேறொன்றும் தெரியாது; திடீரென்று மலைகள் விலகி, பச்சைக் கட்டங்களாகத் தோட்டங்கள் விரிகின்றன. எங்களோடு இறங்கிய சரக்கில் முட்டைத் தட்டுகள், சமையல் எண்ணெய், தகரம், மெத்தை எல்லாம் இருந்தன. கடலோர நகரான ஜெயபுராவிலிருந்து மலைநாட்டுக்கு நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாலும், இன்றும் வாமெனாவின் வாழ்வு விமானத்தை நம்பித்தான் ஓடுகிறது. எரிபொருளும் அப்படியே. 2016இல் இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோ, நாடெங்கும் எரிபொருளுக்கு ஒரே விலை என்ற திட்டத்தை அறிவிப்பதற்கு இந்த மலைநாட்டின் யாஹுகிமோ மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அதற்கு முன் அங்கே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஜகார்த்தாவின் விலையைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. சாலையோரத்தில் போத்தலில் ஊற்றி விற்பவரிடம் இன்றும் விலை வேறாகத்தான் இருக்கிறது. வாமெனாவைத் தலைநகராகக் கொண்டு 2022இல் உருவான மலைநாட்டுப் பாப்புவா மாநிலம், இந்தோனேசியாவிலேயே கடற்கரை இல்லாத ஒரே மாநிலம். மனித மேம்பாட்டுக் குறியீட்டில் நாட்டிலேயே கடைசியில் நிற்பதும் அதுதான்.

வாமெனா விடுதி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெந்நீர் வாளியில் வரும், போர்வை தடிமன், படுக்கை சுத்தம். அவ்வளவு போதும்.

மறுநாள் ஜிவிக்கா பக்கம் அழைத்துப் போய், புகையில் பதப்படுத்திய மூதாதையர் உடலைக் காட்டினார்கள். பிறகு ஒரு ‘போர்க் காட்சி’. ஈட்டியோடு இரண்டு அணிகள் புல்வெளியில் ஓடி வந்து கூச்சலிட்டுத் திரும்பின. இருபது நிமிடத்தில் முடிந்தது. நடித்தவர்கள் தங்கள் வேலையைக் கச்சிதமாகச் செய்தார்கள், கூலியும் வாங்கிக்கொண்டார்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதே ஜிவிக்காவின் மேலே உள்ள உப்பு ஊற்றுக்குப் போக ‘நேரமில்லை’ என்று முகவரின் பிரதிநிதி மறுத்துவிட்டார். நாங்கள் மூவர் பிடிவாதம் பிடித்துத்தான் ஏறினோம். பெண்கள் வாழைத்தண்டை நாராகத் தட்டி அந்த உவர்நீரில் ஊறவைத்து, பிழியாமல் சுமந்து போய், வெயிலில் காயவைத்து எரிக்கிறார்கள். மிஞ்சும் சாம்பல்தான் உப்பு. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் உப்பு கிடைத்தது பெரிய வரம்தான் என்றாலும், மலைநாட்டின் பல பகுதிகளில் அயோடின் இல்லாமல் கழுத்துக் கழலை பரவியிருந்தது. 1960களில் முலியா வட்டாரத்தில் டச்சு மருத்துவர்கள் செய்த ஆய்வுகளைப் பயிற்சிக் காலத்தில் படித்திருக்கிறேன். அந்தப் பெயர் எழுதிய பெயர்ப்பலகையை வாமெனா விமான நிலையத்தில் பார்த்தபோது பழைய பாடப் புத்தகத்தின் பக்கமே கண்முன் வந்தது.

இனி, கொடுத்த பணத்துக்கு உண்மையில் ஈடான பகுதி.

நான்காம் நாள் காலை தெற்கே குரிமாவை நோக்கி வண்டியில் போனோம். யெட்னி ஆற்றோடு சாலை நின்றுவிடுகிறது; மண்சரிவில் வந்த கற்களுக்கிடையே கால் நனைத்துக் கடந்து, அப்புறம் நடை. குரிமாவுக்குப் பிறகு தொங்குபாலத்தில் பாலியெம் ஆற்றைத் தாண்டி, எங்கள் கிராமத்துக்கு நான்கு மணி நேரம் ஏற்றம். அறுபத்தோரு வயது முழங்கால்களை வைத்துக்கொண்டு நான் ஏறிய வேகத்துக்கு வழிகாட்டி ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. “மாமா, பெலான்-பெலான்,” என்பார், மெதுவாக என்று. பாப்புவாவில் வயதான பெண்களை மரியாதையாக ‘மாமா’ என்று அழைக்கிறார்கள். அம்மா என்று பொருள். முதல் நாள் என் தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் பையைச் சுமந்து வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். நோக்கென் எனப்படும் வலைப்பையின் வாரை நெற்றியில் மாட்டி, பை முதுகில் தொங்க, என்னுடைய பதினோரு கிலோவுக்கு மேல் தன் வீட்டுக்கு ஒரு கட்டு விறகையும் ஏற்றிக்கொண்டு, எனக்கு முன்னே நின்று நின்று காத்திருந்தாள். மரநாரை முறுக்கிக் கையால் முடிச்சிடும் அந்தப் பையை, அவசரமாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2012இல் சேர்த்தது. கிழங்கு, பன்றிக்குட்டி, பிள்ளை எல்லாம் அதில்தான் பயணம் செய்கின்றன.

கிராமத்தின் வாசலில் இருந்த மூதாட்டிகள் எங்கள் கையைப் பற்றிக்கொண்டு “வா, வா, வா” என்றார்கள். இங்கு வாழும் டானி மக்களின் மொழியில் அது வாழ்த்தும் நன்றியும் சேர்ந்த சொல் என்று வழிகாட்டி விளக்கினார். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தங்குவதற்கு ஹோனாய் கொடுத்தார்கள். வட்டமான பலகைச் சுவர், லாலான் புல் வேய்ந்த கூரை, குனிந்து தவழ்ந்து நுழையும் வாசல், நடுவே அடுப்பு, மேலே மூங்கில் பரண். சன்னல் கிடையாது. இரவில் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும் குளிரை அந்த அமைப்பு அருமையாகத் தடுக்கிறது. அதற்கு விலையாகப் புகை முழுவதும் உள்ளேயே நிற்கிறது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தகரக் கூரை வீடுகள் சற்றுத் தள்ளி வரிசையாக நின்றன. பகலில் சாமான் வைக்கவும் இரவில் பூட்டி வைக்கவும்தான் அவை பயன்படுகின்றன. தகரத்தின் கீழே குளிர் தாங்காமல் எல்லாரும் ஹோனாய்க்கே திரும்பிவிடுகிறார்கள். காலையில் ஊர் முழுவதும் இருமிக்கொண்டு எழுகிறது.

முதல் நாள் மாலை நான் வழிகாட்டியிடம் மருந்தகத்தைப் பற்றிக் கேட்டேன். “மந்திரி ட்ரா அடா,” என்றார். ‘தாக் அடா’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘ட்ரா அடா’ என்பார்கள். இல்லை என்று பொருள். இந்த மலைக்கு மந்திரி எதற்கு வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, தேர்தல் காலத்தில் வருவாரா என்று கேட்டேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் புரிந்தது: இந்தோனேசியாவில் ‘மந்திரி’ என்றால் கிராமத்தில் ஊசி போடுகிற, மருந்து கொடுக்கிற சுகாதார ஊழியர். அதாவது என் அப்பா. அதாவது நான்.

மருந்தகக் கட்டடம் இருந்தது. தகரக் கூரை, வெள்ளைச் சுண்ணாம்பு, கதவில் துருப்பிடித்த பூட்டு. சன்னல் கண்ணாடியில் கையை வைத்து மறைத்து உள்ளே பார்த்தேன்: ஒரு எடைத் தராசு, சுவரில் தடுப்பூசி அட்டவணை, மூலையில் தடுப்பூசி எடுத்துவரும் குளிர்ப்பெட்டி மூடி திறந்தபடி. குளிர்சாதனப் பெட்டி இல்லை. மின்சாரமே இல்லாத ஊரில் அது இருந்தும் பயனில்லை. மந்திரி வாமெனாவில் இருக்கிறார், சில வாரங்களுக்கு ஒருமுறை வருவார் என்றார்கள். பள்ளிக்கூட ஆசிரியரும் அங்கேதான். இருவரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சம்பளம் வாங்கப் போவதற்கே ஒரு பகல் நடக்க வேண்டிய ஊரில், திரும்பி வருவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும்.

அன்றிரவு பக்கத்து ஹோனாயிலிருந்து ஒரு தாய் ஒன்பது மாதக் குழந்தையைக் கொண்டுவந்தாள். அவள் எனக்கு விளக்கிச் சொல்லும் முன்பே அந்த மூச்சின் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தமாக இருந்தது. சட்டையை விலக்கி, கைவிளக்கின் வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினேன். 58. அந்த வயதுக் குழந்தைக்கு 50ஐத் தொட்டாலே நிமோனியா என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விலாவின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. என் பையில் பாரசிட்டமால், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், கட்டுத்துணி, கிருமிநாசினி இருந்தன. நுண்ணுயிர்க் கொல்லி மருந்து இல்லை. இருட்டில் அந்தப் பாதையில் இறங்கவும் முடியாது. புகையுள்ள ஹோனாயிலும் வைத்திருக்கக் கூடாது, வெளியே குளிரிலும் வைத்திருக்கக் கூடாது. கடைசியில் ஆசிரியரின் காலி வீட்டைத் திறந்து, எங்கள் ஆறு பேருடைய தூக்கப் பைகளில் மூன்றைத் தரையில் விரித்து, தாயையும் பிள்ளையையும் அங்கே படுக்க வைத்தோம். மணிக்கு ஒருமுறை போய் எண்ணினேன். 58, 60, 56, 60.

விடிந்ததும் அவள் நோக்கெனுக்குள் துணியை மடித்துப் போட்டுப் பிள்ளையை வைத்து, வாரை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். கணவன் முன்னால் போனான். நான் நான்கு மணி நேரம் ஏறிய பாதையை அவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிக் குரிமா சுகாதார நிலையத்தைச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நீரில் கரைக்கும் அமாக்சிசிலின் மாத்திரைகளோடு திரும்பி வந்தபோது பிள்ளை என் விரலைப் பிடித்து இழுத்தது. எங்களுடைய வண்ண ஏடு ‘நாகரிகத்திலிருந்து வெகு தொலைவில்’ என்று எந்தத் தொலைவை விற்கிறதோ, அதைத்தான் அந்தப் பெண் நெற்றியில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். பிரசவ வலி கண்டால் சாரத்தில் கம்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்களாம். மழை பெய்தால் ஆறு விடாது.

செய்தி பரவ ஒரு இரவு போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை பசியாறிவிட்டு வெளியே வந்தால், வாசலில் பதினான்கு பேர். “மாமா மந்திரி,” என்று ஒரு கிழவர் அழைக்க, என் தங்கை இந்த முறை வாய்விட்டே சிரித்தாள். வெட்டுக்காயம், கொப்புளம், தீப்புண், பழைய இருமல். என்னால் முடிந்தது கழுவிக் கட்டுப் போடுவது மட்டுமே. கிள்ளான் இளைஞர்கள் இருவரும் பிளாஸ்திரியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார்கள். காலில் கொசு மருந்து பூசிவிட்டதற்குப் பலன் இருந்தது. தோட்டத்து மருந்தகத் தாழ்வாரத்தில் அப்பா முன் காலையில் நிற்கும் வரிசையை நான் அத்தனை ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் பார்த்தேன், வேறு முகங்களோடு. வரிசையில் ஒரு மூதாட்டிக்கு இரு கைகளிலும் பல விரல்களின் மேல்கணுக்கள் இல்லை. உறவினர் இறந்தால் துக்கம் காக்கப் பெண்பிள்ளைகளின் விரல்நுனியை வெட்டும் வழக்கம் முன்பு இருந்தது. இன்று நின்றுபோய், முதியவர்களின் கைகளில் மட்டும் தெரிகிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது அந்தக் கைகளைத்தான். அவர் எனக்கு நீட்டிக் காட்டியது முழங்காலை. நான் என்னுடையதைக் காட்டினேன். இருவரும் சேர்ந்து என்னிடமிருந்த தைலத்தைத் தேய்த்துக்கொண்டோம்.

தீப்புண்களைப் பார்க்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. இதைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 1970களின் தொடக்கத்தில், இதே மலைநாட்டின் மேற்கே பானியாய் ஏரிகள் பக்கம், பாலித் தீவிலிருந்து கொண்டுவந்த பன்றிகளோடு நாடாப்புழுவும் வந்து சேர்ந்தது. புழுவின் முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழுக்கள் மூளையில் தங்கி வலிப்பு உண்டாக, இரவில் அடுப்பைச் சுற்றிப் படுத்திருந்தவர்கள் வலிப்பு வந்து நெருப்பிலேயே விழுந்தார்கள். தீக்காயங்கள் ஏன் இப்படிப் பெருகின என்று தேடித்தான் மருத்துவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பயணத்தில் ‘பாக்கார் பாத்து’ விருந்து உண்டு: குழி வெட்டி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கற்களை அடுக்கி, புல், கீரை, சர்க்கரைவள்ளி, பன்றி இறைச்சி என்று படிப்படியாக வைத்து மூடி வேகவிடுவது. கிழங்கும் கீரையும் தேவாமிர்தம். இறைச்சியின் தடித்த துண்டுகள் நடுவில் சிவப்பாக இருந்தால் சாப்பிட வேண்டாம் என்று முகவர் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. பன்றி வேண்டாதவர்களுக்குக் கோழியில் இதே சமையலைச் செய்து தருவார்கள். வாமெனாவை அடுத்த வாலேசியில் இஸ்லாமியரான டானி மக்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

சைவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ‘இந்தியச் சைவ உணவு’ என்று ஏட்டில் போட்டுவிட்டு முகவர் அனுப்பிவைத்தது இரண்டு பெட்டி உடனடி மீ. எங்கள் குழுவில் சைவர்களான தம்பதியர், அதை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மூன்று நாளும் ஊர்ச் சாப்பாடே சாப்பிட்டார்கள்: ஹிப்பெரே எனப்படும் சர்க்கரைவள்ளி சாம்பலில் சுட்டது, அதன் கொழுந்துக் கீரை, சோளம். வெள்ளை, மஞ்சள், ஊதா என்று ஒவ்வொரு கிழங்குக்கும் தனிப் பெயர். வீட்டுக்காரப் பெண் எது பிள்ளைக்கு, எது பன்றிக்கு, எது விருந்தாளிக்கு என்று கையால் தடவியே பிரித்தாள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்று வளர்ந்த எங்கள் பாட்டிக்கு இந்தச் சுவை பிடித்திருக்கும். ஆனால் கிழங்கைச் சேமித்து வைக்க முடியாது. மண்ணே களஞ்சியம், அன்றன்றைக்குத் தோண்டுவதுதான். அதனால் உயரமான ஊர்களில் ஒரு வாரம் உறைபனி விழுந்தால் அடுத்த பல மாதச் சாப்பாடு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். 1997இல் எல் நினோ வறட்சியோடு உறைபனியும் சேர்ந்தது. காட்டுத்தீயின் புகையால் உதவி விமானங்கள் இறங்கவும் சிரமப்பட்டன. 2015இல் லானி ஜாயா பக்கம் மறுபடியும் உறைபனி. எங்கள் ஊர் அவ்வளவு உயரத்தில் இல்லை என்றாலும், மேலே உறவினர் இருப்பவர்கள் அந்த ஆண்டுகளைப் பிள்ளைகள் பிறந்த ஆண்டுகளைப்போல் சொல்கிறார்கள்.

இறங்குவதற்கு முந்தைய நாள், சுமைகூலி எவ்வளவு என்று என் பையைச் சுமந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் சொன்ன தொகை, ‘சுமைதூக்குவோர் கட்டணம்’ என்று எங்கள் ரசீதில் தனியாகக் குறிப்பிட்டு வாங்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வந்து சேர்வதை அவர் அப்படியே கொடுத்துவிடுகிறார் என்பதை மற்றவர்களும் உறுதிப்படுத்தினார்கள். நடுவில் எங்கே நின்றது என்பதை முகவர்தான் சொல்ல வேண்டும். மீதியை நாங்கள் ஆறு பேரும் நேரடியாகக் கொடுத்தோம். போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். கையில் சிறு சிறு ரூபியா நோட்டுகள் வைத்திருங்கள், மலையில் சில்லறை கிடைக்காது.

பாதுகாப்பைப் பற்றியும் முகவர் வாய் திறக்கவில்லை. 2019 செப்டம்பரில் வாமெனாவில் நடந்த கலவரத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் அண்டை மாவட்டமான நுடுகாவில் ஆயுதக் குழுவினர் பிடித்துச் சென்ற நியூசிலாந்து விமானி, 2024 செப்டம்பரில்தான் விடுவிக்கப்பட்டார். நாங்கள் போன பகுதி அமைதியாக இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு வாரமும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. எங்களுக்காக அதை விசாரித்தவர் வழிகாட்டி. ஒவ்வொரு காலையும் அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் பாறைக்கு ஏறிப் போய் இரண்டு மூன்று பேரிடம் பேசிவிட்டு வந்த பிறகுதான் அன்றைய பாதையை முடிவு செய்வார்.

திரும்பி வந்து இவற்றையெல்லாம் மரியாதையாக எழுதி முகவருக்கு அனுப்பினேன்: மலேரியா பற்றிய வரியை நீக்குங்கள், கூலிக் கணக்கைக் காட்டுங்கள், ‘கற்காலம்’ என்ற சொல்லை எடுங்கள், பயணிகள் தங்கள் பையில் எதைக் கொண்டுபோனால் அந்த ஊருக்குப் பயன்படும் என்பதைக் குரிமா சுகாதார நிலையத்தில் கேட்டு ஏட்டில் சேருங்கள் என்று. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. கூலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் கடிதம் மிகவும் நெகிழ்ச்சியாக இருந்ததாகவும், வரும் ஆண்டு இதே பயணத்தில் ‘மலைக்கிராம மருத்துவ முகாம் அனுபவம்’ என்று ஒரு நாளைச் சேர்த்துத் தலைக்கு 300 ரிங்கிட் கூடுதலாக வைக்கப் போவதாகவும், நான் தாதியாக உடன் வந்தால் எனக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகவும் எழுதியிருந்தார்கள்.

வழிகாட்டிக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் அவர் பாறை மேல் ஏறியிருக்க வேண்டும், பதில் வந்தது. பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டதாம். மந்திரி ட்ரா அடா.